எண்ணெய்ப் பம்பின் பதினாலு கோடுகள்

நோர்வேயின் வட கோடியில், கடலோரமாக ஒரு மீன் தொழிற்சாலை. அதைச் சுற்றி ஓர் ஊர். ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லப்போனால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் என்பதால், அங்கே வேலைக்கு வந்த எங்கள் தமிழ் ஆட்கள் அதற்கு மீன்துறை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தொழிற்சாலை, இன்னோர் ஊர். அதற்கு அக்கரை என்று பெயர். நடுவில் கடலுமில்லை ஆறுமில்லை, பன்னிரண்டு கிலோமீற்றர் பனிமலைதான். பெயர் வைத்தவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மீன்துறையில் ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். தில்லையம்பலம் அந்த வீட்டின் மூளை. யாழ்ப்பாணத்தில் ஒருமுறை சயன்ஸ் சோதனை எழுதியவர். சோதனையில் என்ன முடிவு வந்தது என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். குகதாசன் கொப்பி வைத்திருந்தான். யார் எதைச் சொன்னாலும் எழுதிவிடுவான். ஞானசீலன் பாரம் தூக்குவான். நாலாவது ஆளான பரஞ்சோதிக்கு ஒரு இதயம் இருந்தது. அதுவும் அக்கரையில், கௌரியிடம் இருந்தது.

போன நவராத்திரிக்கு இரண்டு ஊரும் சேர்ந்து பூசை வைத்தபோது கௌரி அவனுக்கு மட்டும் இரண்டாம் தரமும் கடலை போட்டாள். அன்றிலிருந்து போன். அந்தப் போனில்தான் மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் இந்தச் செய்தி வந்தது.

“எங்கடை விசயத்தை அப்பாட்டைச் சொல்லிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு ஒஸ்லோ மாப்பிள்ளை வீட்டுக்காரர் போன் எடுப்பினம். அதுக்கு முன்னம் வந்து நிண்டால் உங்களைப் பாப்பாராம். வராட்டில் அவைக்கு ஓமெண்டு சொல்லிப்போடுவாராம்.”

“நான் ரண்டு மணிக்கே வந்து நிப்பன்.”

“ஸ்கூட்டரிலைதானே வருவியள்? அப்பா முதல் எஞ்சினைத் திறந்து பாப்பார். பேந்துதான் முகத்தைப் பாப்பார். எஞ்சினை வைச்சிருக்கத் தெரியாதவன் என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சிருப்பான் எண்டு கேக்கிறார்.”

கௌரியின் அப்பா சபாநாதர் இருபத்திரண்டு வருடம் கப்பலின் எஞ்சின் அறையில் நின்றவர். எஞ்சின் என்றால் சபாநாதர் என்று இரண்டு ஊரும் சொல்லும். இவர்கள் நாலு பேரும் சேர்ந்து வாங்கிய, பனியில் சறுக்கி ஓடும் பழைய ஸ்னோ ஸ்கூட்டரோ அப்போது எஞ்சின் இறுகி, நவரத்தினம் அண்ணையின் கராஜில் கிடந்தது.

நவரத்தினம் அண்ணை வல்வெட்டித்துறைக்காரர். அங்கே படகு எஞ்சின் பார்த்த கை, இங்கே பனியில் ஓடுகிற எஞ்சின் பார்த்தது. கை சுத்தம், வாய் கொஞ்சம் சூடு.

“எண்ணெய்ப் பம்பு வேலை செய்யாமல் எஞ்சினுக்கு எண்ணெயே போகேல்லை. பிஸ்டன் இறுகிப் போச்சுது. ஒருக்காலாவது மூடியைத் திறந்து பாத்தனீங்களோ?” என்று வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்.

“நீங்கள் சொல்லேல்லையே அண்ணை” என்றார் தில்லையம்பலம்.

நவரத்தினம் அண்ணை தலையைச் சொறிந்தார். மறுநாள் காலை அவர் மகள் வீட்டுக்குப் பறக்க வேண்டும். இவர்களை இப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

“சரி, இண்டைக்கு எல்லாத்தையும் சொல்லுறன், எழுதுங்கோ. புதுப் பிஸ்டன் போட்டிருக்கு. முதல் பத்து மணித்தியாலம் மெள்ள ஓடுங்கோ. பம்புக்குப் புதுக் கேபிள். அது ஓட ஓட இளகும். பத்து மணித்தியாலம் முடிய மூடியைத் திறந்து பாருங்கோ. பம்பு லீவரிலை ஒரு கோடு, பம்பிலை ஒரு கோடு. ரண்டு கோடும் சந்திக்கவேணும். சந்திக்காட்டில் சந்திக்கப் பண்ணுங்கோ. எண்ணெய் குறைஞ்சால் சிவப்பு லைற் எரியும். எரிஞ்சால் உடனை நிப்பாட்டுங்கோ. எண்ணெய்க் கான் எப்பவும் உங்களோடை இருக்கவேணும்.”

“வேறை ஏதும் அண்ணை?”

“ஒண்டுமில்லை. நான் சொன்னதை மட்டும் செய்யுங்கோ. உங்கடை மூளையைப் பாவிக்காதேங்கோ. அப்பிடிச் செய்தால் இந்த எஞ்சின் இருபது வருசத்துக்குப் பழுதாகாது.”

குகதாசன் மூளையைப் பாவிக்கக்கூடாது என்பதையும் எழுதி, அடியில் கோடு போட்டான். பாவம், நவரத்தினம் அண்ணை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

சனிக்கிழமை விடியக் காலையிலேயே வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடிற்று.

“மெள்ள எண்டால் எவ்வளவு மெள்ள?” என்று பரஞ்சோதி கேட்டான்.

“மனிசன் நடக்கிறதிலும் மெள்ள” என்றார் தில்லையம்பலம்.

“எந்த மனிசன்?”

இது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. ஆகவே ஞானசீலன் முன்னால் நடந்தான். அவனை முந்தாமல் பரஞ்சோதி ஸ்கூட்டரை ஓட்டினான். எங்கே போவது என்று கொப்பியில் இல்லாததால் வீட்டைச் சுற்றினார்கள். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை, பத்து மணித்தியாலம், ஒரு நிமிடம் கூடவுமில்லை குறையவுமில்லை. வீட்டைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு அகழி விழுந்தது. பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் இரண்டு மணித்தியாலம் வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு, இது உங்கள் சமயச் சடங்கா என்று மெல்லக் கேட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தார்கள். நாலு தலையும் உள்ளே போயின. பம்பில் ஒரு கோடு தெரிந்தது. லீவரிலும் ஒரு கோடு தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலம் இடைவெளி.

“சந்திக்கேல்லை” என்றான் குகதாசன்.

“சந்திக்கப் பண்ணவேணும்” என்றார் தில்லையம்பலம்.

கேபிள் நுனியில் ஒரு நட்டு இருந்ததைப் பரஞ்சோதி கண்டான். “அண்ணை, இந்த நட்டைத் திருப்பினால் லீவர் கிட்ட வருமோ?”

“நவரத்தினம் அண்ணை நட்டைப் பற்றிச் சொன்னவரோ? கொப்பியைப் பார்.”

குகதாசன் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தான். “நட்டெண்டு ஒரு எழுத்தும் இல்லை.”

“அப்ப நட்டிலை கை வைக்காதை. அது மூளையைப் பாவிக்கிற வேலை.” தில்லையம்பலம் தாடையைத் தடவினார். “தம்பிமார், ரண்டு பேர் சந்திக்கிறதெண்டால் ஒருத்தர் வரவேணும். லீவர்க் கோடு வாற மாதிரித் தெரியேல்லை. பம்புக் கோடுதான் அங்கை போகவேணும்.”

“அது இரும்பிலை கீறின கோடெல்லே அண்ணை. எப்பிடிப் போகும்?”

“அது போகாது. அதுக்குப் பதிலா இன்னொரு கோட்டை அனுப்புவம்.”

ஆணி வந்தது. லீவர்க் கோட்டுக்கு நேரெதிரே பம்பில் அழுத்தமாக ஒரு புதுக் கோடு கீறினார்கள். இரண்டு கோடும் அச்சொட்டாகச் சந்தித்தன. பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கௌரி வீட்டு வாசலில் நிற்பதை அப்போதே கண்டான்.

அந்தச் சந்தோசத்தில் ஞானசீலன் கையால், வேகம் கூட்டுகிற ஓட்டவிசையை ஒருதரம் அமுக்கிப் பார்த்தான். லீவர் அசைந்தது.

“ஐயோ, பிரிஞ்சிட்டுது!” என்று பரஞ்சோதி அலறினான்.

விசையை விட்டால் சந்தித்தன, அமுக்கினால் பிரிந்தன. தில்லையம்பலம் கலங்கவில்லை. பிரிந்துபோன இடத்திலும் ஒரு கோடு கீறினார். பாதி அமுக்கினால் நிற்கிற இடத்தில் ஒன்று, கால்வாசிக்கு ஒன்று, முக்கால்வாசிக்கு ஒன்று. விளக்குக்குக் கீழே இப்படிக் கீறிக்கொண்டே போனார்கள். பதினாலாவது கோட்டோடு பம்பில் இடம் முடிந்துபோயிற்று.

“இனி லீவர் எங்கை போனாலும் அங்கை ஒரு கோடு பாத்துக்கொண்டு நிக்கும்” என்றார் தில்லையம்பலம். அன்றைக்கு நாலு பேரும் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். அரை மணித்தியாலப் பயணத்துக்கு ஏழு மணித்தியாலம் கையில் இருந்தது. பெண் பார்க்கத் தனியாகப் போவது மரியாதையில்லை என்பதால் நாலு பேரும் போனார்கள். ஸ்கூட்டரில் பரஞ்சோதியும் தில்லையம்பலமும். பின்னால் கட்டிய சறுக்குப் பெட்டியில் குகதாசன் கொப்பியோடும், ஞானசீலன் எண்ணெய் நிறைந்த கானோடும். பரஞ்சோதி குளிர் உடுப்புக்கு மேலே பட்டு வேட்டி கட்டியிருந்தான்.

ஊர் எல்லையைத் தாண்டவில்லை, சிவப்பு லைற் எரிந்தது. வீட்டைப் பத்து மணித்தியாலம் சுற்றியதில் எண்ணெய்த் தாங்கி வற்றியிருந்தது.

“நிப்பாட்டு!” என்றான் குகதாசன்.

எஞ்சினை நிற்பாட்டினார்கள். லைற் அணைந்தது. எஞ்சினைத் திரும்ப எழுப்பினார்கள். லைற் எரிந்தது. நிற்பாட்டினார்கள். இப்படிப் பத்தடி ஓடுவதும் நிற்பதுமாக ஒரு மணித்தியாலம் போயிற்று. திரும்பிப் பார்த்தால் அவர்கள் வீட்டுக் கூரை இன்னும் தெரிந்தது. பரஞ்சோதி மணிக்கூட்டைப் பார்த்தான். ஒஸ்லோ மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி ஒரு எண்ணம் வந்தது.

“அண்ணை, கானிலை எண்ணெய் இருக்குத்தானே. தாங்கிக்குள்ளை ஊத்துவமோ?”

எல்லோரும் ஞானசீலனைப் பார்த்தார்கள். அவன் கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“கான் எங்களோடை இருக்கவேணும் எண்டெல்லோ எழுதியிருக்கு?” என்றான் குகதாசன்.

“வெறுங் கானை வைச்சிருக்க நவரத்தினம் அண்ணைக்கு விசரோ? எண்ணெயோடை இருக்கவேணும் எண்டுதான் சொன்னவர்” என்றார் தில்லையம்பலம். “எண்ணெயை ஊத்தினால் எண்ணெய் எஞ்சினோடை போயிடும். எங்களோடை இருக்காது.”

பனியைப் பார்த்துக்கொண்டு நின்ற தில்லையம்பலம் திடீரென்று துள்ளினார்.

“எஞ்சின் நிண்டால் லைற் எரியிறேல்லை, கண்டனீங்களோ? அப்ப எஞ்சினை நிப்பாட்டிப்போட்டே போவம்!”

தள்ளத் தொடங்கினார்கள். இருநூற்றுச் சொச்சம் கிலோ ஸ்கூட்டர், ஏற்றமான மலை. மூன்று பேர் தள்ள, ஞானசீலன் கானைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கூட நடந்தான். சறுக்குப் பெட்டியில் வைத்தால் அது பெட்டியோடு இருக்கிற கணக்காகிவிடும்.

நடுமலையில் ஒரு நோர்வேக்காரர் தன் ஸ்கூட்டரை நிறுத்தி, எண்ணெய் முடிந்துவிட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

“எண்ணெயோ? நிறைய இருக்கு!” என்று ஞானசீலன் பெருமையோடு கானைத் தூக்கிக் காட்டினான். அந்த மனிதர் கானைப் பார்த்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், பட்டு வேட்டியைப் பார்த்தார். தன் ஸ்கூட்டரை எழுப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. வேட்டி பனியில் நனைந்து, உறைந்து, பலகை மாதிரி விறைத்துவிட்டது. பரஞ்சோதிக்கு அழுகை வந்தது. அழுதபடியே தள்ளினான். இரண்டே முக்காலுக்கு மலை உச்சி வந்தது. கீழே அக்கரை தெரிந்தது, சபாநாதர் வீட்டுப் புகைக்கூண்டும் தெரிந்தது. ஒரே இறக்கம். நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள். ஸ்கூட்டர் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போய், மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கச் சபாநாதரின் வாசற்படியில் முட்டி நின்றது.

சபாநாதர் வெளியே வந்தார். வாட்டசாட்டமான ஆள். முகம் ஒன்றையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சத்தமே கேக்கேல்லையே” என்றார். “இப்பிடி ஒரு சத்தமில்லாத எஞ்சினை நான் கண்டதில்லை.”

மூடியில் கை வைத்தார். புருவம் உயர்ந்தது. “பன்னிரண்டு கிலோமீற்றர் வந்தும் சூடு ஏறேல்லை!”

ஞானசீலனின் கையிலிருந்த கானை ஆட்டிப் பார்த்தார். “எண்ணெயும் குடிக்கேல்லை!”

கதவடியில் நின்ற கௌரி பரஞ்சோதியைப் பார்த்தாள். அவன் சிரிக்க முயன்றான். குளிரில் உதடு விரியவில்லை.

சபாநாதர் மூடியைத் திறந்தார். தலையை உள்ளே விட்டார். விட்ட தலை வெளியே வரவில்லை. ஒரு விரல் மட்டும் பம்பின்மேல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. மூன்று மணி. யாரும் அசையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பரஞ்சோதிக்குத் தன் வாழ்க்கையே அந்த விரல் நுனியில் நிற்பதாகத் தோன்றியது.

“இது ஆர் கீறினது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஓடிவிடலாமா என்று குகதாசன் கொப்பியில் தேடினான். தில்லையம்பலம் ஓர் அடி முன்னால் வந்தார். “நாங்கள்தான் ஐயா.”

சபாநாதர் தலையை வெளியே எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பதினாலு!” என்றார். “தம்பிமார், இருபத்திரண்டு வருசம் கப்பலிலை நிண்டனான். என்ரை ஸ்கூட்டர்ப் பம்பிலை எவ்வளவு பாடுபட்டும் ஒம்பதுக்கு மேலை கீற இடம் காணேல்லை.”

அவர் கை காட்டிய மூலையில் ஒரு பனிமேடு இருந்தது. அதன் உச்சியில் ஒரு ஸ்கூட்டரின் கைபிடி மட்டும் வெளியே தெரிந்தது.

“ஏழு வருசமா அதிலை நிக்குது. ஒரு பழுது வந்ததில்லை. கௌரி, போனை எடுத்து ஒஸ்லோக்காரருக்குச் சொல்லு, எங்களுக்கு மாப்பிள்ளை கிடைச்சிட்டார் எண்டு.”

கௌரி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். “அப்பா, நீங்கள் இன்னும் அவரின்ரை முகத்தைப் பாக்கேல்லை.”

“முகம் எங்கை ஓடப்போகுது பிள்ளை, பேந்து பாக்கலாம்” என்றார் சபாநாதர், மண்வெட்டியால் பனிமேட்டைக் கிளறியபடி. “இன்னும் அஞ்சு கோடு கீறவேணும். வெளிச்சம் போக முன்னம் ஒரு ஆணி எடுத்துவா.”

கௌரி உள்ளே போனாள். திரும்பி வரும்போது இரண்டு ஆணி கொண்டுவந்தாள். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள். மற்றதைப் பரஞ்சோதியின் விறைத்த கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டு, “அப்பான்ரை பம்பிலை நடுவிலை கொஞ்சம் இடம் இருக்கு. அந்த ஒம்பதிலை ரண்டு நான் கீறினது” என்றாள்.