குதிரைக்காரன் தெரு கேசினோவை மூடிய விதம்

மூங்கிலேரி பேரூராட்சியில் மொத்தம் பதினேழு வார்டு. பதினாறு வார்டில் மனிதர்கள் சாதாரணமாக இருந்தார்கள். பதினேழாவது வார்டில் குதிரைக்காரன் தெரு இருந்தது.

அந்தத் தெருவில் மாவு மில் வைத்திருந்தவர் வேல்மயில். தலை, புருவம், மீசை எல்லாம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். குளித்தால்தான் வயது தெரியும். தெரு நலச் சங்கத்துக்கு அவர் செயலாளர். பேனா அவரிடம் இருந்ததால் அந்தப் பதவி. தலைவர் சொக்கலிங்கம் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசில் அவரிடம் இருந்தது. பொருளாளர் தாவீது, கல்யாண பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவர். அவரிடம் ஒன்றும் இல்லை, அதனால் பொருளாளர். இன்னும் நாலு உறுப்பினர்கள் உண்டு. தலையாட்ட ஆள் வேண்டுமே.

வேல்மயில் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு நாள் கண்ணாடியும் கலர் விளக்குமாக ஒரு கட்டடம் திறந்தார்கள். போர்டில் ராயல் மனமகிழ் மன்றம் என்று போட்டிருந்தது. உள்ளே சீட்டு ஆடினார்கள், சக்கரம் சுற்றினார்கள், பகடை உருட்டினார்கள். ஊரில் அதைக் கேசினோ என்றார்கள்.

ஓட்டுக் கேட்டு வந்த சமயத்தில் கவுன்சிலர் திருவடிச்செல்வம், "குடியிருப்புப் பக்கம் சூதாட்டம் என்ற பேச்சே வராது" என்று மைக்கில் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறவில்லை. பேச்சு மூச்சில்லாமல் கட்டடமே வந்துவிட்டது. 'மன்றம் நடத்த ஆட்சேபணை இல்லை' என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதம், கண்ணாடிச் சட்டத்துக்குள் மன்ற வாசலில் தொங்கியது.

ஆட வந்தவர்கள் கார்களை வேல்மயில் வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தினார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால் கார் கதவு தெரியும். வேல்மயில் யோசித்தார். ஜன்னல் கம்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே ஒரு ஸ்டூல் போட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று மில்லுக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் அவர் மனைவி மரகதம் முதலில் பையை ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். பிறகு அவளும் வெளியே வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சங்கரன்கோவிலுக்கு, எங்க அண்ணன் வீட்டுக்கு. அந்தக் கிளப்பை மூடுற அன்னைக்கு வாறேன். அதுவரைக்கும் உங்க ஸ்டூல்ல நீங்களே ஏறி இறங்குங்க."

அன்றைக்கு மத்தியானம் வேல்மயில் அடுப்பு முன்னால் நின்றார். இருபது வருஷமாக ஊருக்கே மாவு அரைத்துக் கொடுத்தவர். அந்த மாவை அப்புறம் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலமே சங்கத்தைக் கூட்டினார்.

"கவுன்சிலரைக் கேள்வி கேக்கணும்" என்றார் சொக்கலிங்கம்.

"என்ன கேள்வி அண்ணாச்சி?" என்றார் தாவீது.

"அதை அவர்கிட்டயே கேட்டுருவோம்."

நாலு தலைகளும் ஆடின. ஆனாலும் வேல்மயிலுக்கு மனம் ஒப்பவில்லை. பசி வேறு. எல்லாருமாகக் கிளம்பி வக்கீல் நிர்மலா அம்மாவைக் கோர்ட்டு வாசலில் பிடித்தார்கள். அந்த அம்மா அப்போதுதான் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு விஷயம். எழுதிக்கோங்க. ஒண்ணு, போராட்டம் அமைதியா நடக்கணும். ரெண்டு, கவுன்சிலரை விடாம கவனிங்க. எங்க போறார், யாரைப் பாக்குறார், என்ன செய்யறார்னு நேரம் போட்டு எழுதுங்க. மூணு, அவர் எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டாலும் உடனே ஆட்சேபணை தெரிவிங்க."

ஸ்கூட்டர் போய்விட்டது. வேல்மயில் மூன்றையும் நோட்டில் அழகாக எழுதி அடிக்கோடு போட்டார்.

மறுநாள் காலை பேரூராட்சி அலுவலகத்துக்கு முன்னால் போராட்டம். ஏழு பேரும் வரிசையாக நின்று, கையை உயர்த்தி, "மூடு! மூடு! கிளப்பை மூடு!" என்று அமைதியாகக் கோஷம் போட்டார்கள். அதாவது வாய் மட்டும் அசைந்தது. சத்தம் துளி வரவில்லை. சொக்கலிங்கம் விசிலைக்கூட ஊதாமல் உதட்டில் வைத்துக் கொண்டார். தாவீது டிரம்முக்கு ஒரு சாண் மேலே காற்றில் அடித்தார்.

பத்து மணிக்கு ஒரு பெரியவர் வந்து வரிசையில் எட்டாவதாக நின்று வாயைத் திறந்து காட்டினார்.

"கீழ்வரிசையில ரெண்டு ஆடுது. டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குள் பல் காட்ட வந்தவர்கள் பதினொரு பேர். கவுன்சிலர் காரில் வந்து இறங்கி, இவ்வளவு பேர் தன்னைப் பார்த்து வாயைத் திறப்பதைக் கண்டு, கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

"போராட்டம் நல்லா நடந்தது. கூட்டம் தானா சேருது" என்றார் சொக்கலிங்கம்.

அடுத்தது கவனிப்பது. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். ஆனால் பேனா வேல்மயிலுடையது. இரவல் கொடுக்க மனமில்லாததால் எல்லா நாளும் அவரே போனார். வீட்டில் சமையல் இல்லாதவருக்கு வேறு வேலை என்ன?

'காலை 7.10. கவுன்சிலர் பல் தேய்க்கிறார். 7.40. இட்லி நாலு. ஐந்தாவது வேண்டாம் என்றார். பிறகு வைத்துக் கொண்டார். 8.05. தும்மல்.'

அந்தத் தும்மல் பற்றிச் சங்கத்தில் நெடுநேரம் விவாதம் நடந்தது.

"வக்கீலம்மா என்ன செய்யறார்னுதானே எழுதச் சொன்னாங்க? தும்மல் அவர் செஞ்சதா, அவருக்கு நடந்ததா?" என்றார் தாவீது.

"தும்மினது அவர் மூக்கு வே" என்றார் சொக்கலிங்கம்.

"அப்ப மூக்கு பேர்ல தனிப் பக்கம் போடணும்."

போட்டார்கள்.

மூன்றாம் நாள் கவுன்சிலர் தப்பிப்பதற்காகக் காரை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். எங்கிட்ட வண்டி இல்ல. பின்னால ஏறிக்கிடுதேன்" என்று வேல்மயில் ஏறிக் கொண்டார். "கொஞ்சம் மெதுவாப் போங்க. எழுத்து கோணுது."

கவுன்சிலர் முடி வெட்டப் போனால் பக்கத்து நாற்காலியில் வேல்மயில். கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்த இலையில் வேல்மயில். பல நாள் கழித்துச் சரியான சாப்பாடு கிடைத்ததில் கண் கலங்கியதை மட்டும் அவர் எழுதவில்லை.

மன்றத்தின் முதலாளி ஒரு தடித்த கவரோடு கவுன்சிலர் வீட்டுக்கு வந்தார். சோபாவில் வேல்மயில் இருந்தார்.

"உங்க பேரு? அப்பா பேரு? கவர்ல என்ன இருக்கு? சும்மா சொல்லுங்க, நேரம் மட்டும் போட்டுக்கிடுதேன்."

முதலாளி கவரோடு திரும்பிப் போனார். மறுநாளும் வந்தார், அன்றும் திரும்பினார். அதற்கு மறுநாள் வரவே இல்லை.

கவுன்சிலர் வீட்டு அம்மா, "ஏங்க, அந்த மில்காரர் உக்காந்த இடமெல்லாம் மாவா இருக்கு. ஒண்ணு அவர், இல்லாட்டி நான்" என்று சொல்லிவிட்டாள்.

பத்தாம் நாள் திருவடிச்செல்வம் வேல்மயில் கையைப் பிடித்துக் கொண்டார்.

"உமக்கு என்னதான் வே வேணும்?"

"கிளப்பை மூடணும் ஐயா. என் வீட்டுக்காரி வரணும்."

"மூடினா போயிருவேரா?"

"போயிருவேன்."

கவுன்சிலர் அங்கேயே அப்போதே, மன்றத்தை மூடிச் சீல் வைக்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடும் நேரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வேல்மயில் அதையும் நேரம் போட்டு எழுதிக் கொண்டு, நேரே டெலிபோன் கடைக்கு ஓடினார்.

"மரகதம்! வெள்ளிக்கிழமை மூடுறாங்க."

"நெசமாவா? முதல் பஸ்ல வாறேன். அரிசி ஊறப் போட்டு வைங்க."

வியாழக்கிழமை சங்கம் கூடியது. வேல்மயில் லட்டு வாங்கி வந்திருந்தார். சொக்கலிங்கம் லட்டைத் தொடவில்லை. நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தார்.

"செயலாளரே, மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"கவுன்சிலர்."

"மூணாவது விஷயத்தை வாசியும்."

வேல்மயில் வாசித்தார். 'அவர் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் உடனே ஆட்சேபணை தெரிவிக்கவும்.'

நாலு தலைகளும் ஆடின.

"அது கெட்ட காகிதத்துக்குச் சொன்னது அண்ணாச்சி. இது நல்ல காகிதம்" என்றார் வேல்மயில்.

"கெட்ட காகிதம்னு எழுதியிருக்கா?"

இல்லை.

"எழுதினது யாரு? நீரு. அடிக்கோடு போட்டது யாரு? நீரு."

வேல்மயில் தன் கையெழுத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்து முத்தாக இருந்தது. அவ்வளவு அழகான எழுத்து பொய் சொல்லாது என்று அவருக்கே பட்டது. வக்கீலம்மாவைக் கேட்கலாமென்றால் மதுரைக்குப் போயிருந்தார். கண்ணைத் துடைத்துக் கொண்டு வேல்மயிலும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பேரூராட்சி அதிகாரி பூட்டும் அரக்கும் தீப்பெட்டியுமாக வந்தபோது, மன்ற வாசலுக்குக் குறுக்கே ஏழு பேரும் படுத்திருந்தார்கள். 'மூடாதே! மூடாதே!' என்று ஏழு வாய்களும் சத்தமில்லாமல் அசைந்தன. முதலாளி கைகூப்பி அழுதார். ஏழு பேருக்கும் சோடா கொடுக்கச் சொன்னார். கவுன்சிலர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பையோடு வந்து நின்றாள் மரகதம்.

"என்னங்க இது? ஏன் இங்க படுத்திருக்கீங்க?"

வேல்மயில் வாயை அசைத்தார். போராட்டம் அமைதியாக நடக்க வேண்டுமே. கடைசியில் நோட்டை எடுத்து, மூன்றாவது விஷயத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

மரகதம் படித்தாள். அந்த மனிதரோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவள். அதனால் ஒரு நிமிஷத்தில் புரிந்தது. நேரே கவுன்சிலரிடம் போனாள்.

"ஐயா, இந்தக் கிளப் நூறு வருஷம் தாராளமா நடக்கலாம்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க."

எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தார் திருவடிச்செல்வம். போட்டார். மரகதம் அதை உரக்க வாசித்தாள்.

அவ்வளவுதான். ஏழு பேரும் துள்ளி எழுந்தார்கள். மன்றத்துக்குள் ஓடினார்கள். சொக்கலிங்கம் வாயைத் திறக்காமல் கையை மட்டும் வீசி, கடைசி ஸ்டாப்பில் பயணிகளை இறக்குவது போல, ஆடிக் கொண்டிருந்த எல்லாரையும் வெளியே இறக்கினார். பிறகு ஒருவரும் திறக்க முடியாதபடி கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ் போட்டார்கள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மூடியாச்சு இல்லையா?" என்று கேட்டுக் கொண்டே வெளிப்பக்கம் பூட்டைப் போட்டு, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்.

"ஐயா, அவுக எல்லாம் உள்ள இருக்காக!" என்றாள் மரகதம்.

"சீல் வச்சாச்சேம்மா. இனி உடைக்கணும்னா கவுன்சிலர் கையெழுத்து வேணும்."

கவுன்சிலர் ஓடி வந்தார். 'சீலை உடைத்து ஏழு பேரையும் வெளியே விடவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று கதவிடுக்கு வழியாக ஒரு நகலைத் தள்ளினார்.

உள்ளே கொஞ்ச நேரம் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

நகல் திரும்பி வந்தது. அடியில் முத்து முத்தான எழுத்தில், 'இதற்கு எங்கள் கடும் ஆட்சேபணையைத் தெரிவிக்கிறோம்' என்று எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது.

'மரகதம், மத்தியானச் சாப்பாடு உள்ளே வருவதில் ஆட்சேபணை இல்லை.'