ஆவுடைக்குக் கட்டிய மூன்று கூடுகள்

முன்னொரு காலத்திலே, மந்திரமும் மண்வெட்டியும் ஒரே சந்தையில் விற்ற காலத்திலே, செங்காட்டூர் என்றொரு ஊர். அங்கே பொன்னுலிங்கம் என்றொரு தச்சன். இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டால் கீழே வைக்க மாட்டான். இழைத்தான், இழைத்தான், பலகையில் முகம் தெரியும்வரை இழைத்தான். ஊரே மெச்சியது. மனைவி ஆவுடை மட்டும், "போதும், வழுக்குது" என்பாள். அவள் பேச்சு அவன் காதில் என்றைக்கு ஏறியது?

ஒருநாள் ஒரு மந்திரவாதி கட்டில் கேட்டு வந்தான். தச்சன் இழைத்தான், இழைத்தான், முகம் தெரியும்வரை இழைத்துக் கொடுத்தான். மந்திரவாதி படுத்தான், வழுக்கினான், இடுப்பை ஒடித்துக்கொண்டான். சிரிக்காதீர்கள், கேடு இனிமேல்தான்.

"உன் பெண்டாட்டி வௌவாலாகப் போகட்டும்!" என்றான் மந்திரவாதி. அகப்பையோடு நின்ற ஆவுடை சிறகடித்து ஜன்னல் வழியே பறந்தாள். குற்றம் அவனுடையது, சாபம் அவளுக்கு. நல்ல நியாயம்!

தச்சன் அவன் காலில் விழுந்து அழுதான். "உன் கொல்லையில் உன் கையால் ஒரு கூடு கட்டு. அதில் மூன்று பகல் அவள் தொங்கித் தூங்கினால் மனுஷியாவாள். அமாவாசை தாண்டினால் என்றைக்கும் வௌவால்தான்" என்று சொல்லிப் போனான் மந்திரவாதி.

தச்சன் தேக்குப் பலகை எடுத்தான். முகம் தெரியும்வரை இழைத்து, கூடு செய்து, கொல்லையில் கம்பம் நட்டு உச்சியில் வைத்தான். விடியலில் ஆவுடை வந்தாள். நகத்தை ஊன்றினாள், வழுக்கினாள், பொத்தென்று விழுந்தாள். "கீச்!" என்றாள்.

"பார்த்தீர்களா, மெச்சுகிறாள்!" என்றான் தச்சன், வேடிக்கை பார்த்த ஊராரிடம்.

அவள் தங்காமல் போனதும், மரம்தான் மட்டம் என்று ஈட்டி மரம் வாங்கினான். இன்னும் இழைத்தான், அரக்கு மெருகும் போட்டான். ஆவுடை வந்தாள், ஊன்றினாள், வழுக்கினாள். இந்தமுறை துவைகல்லில் விழுந்தாள். இடது சிறகு கிழிந்தது. "கீச்!" என்றாள். அதையும் மெச்சல் என்றே நினைத்தான், பாவி.

பக்கத்து வீட்டுப் பனையேறி முத்துமாலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான்.

"அண்ணாச்சி, பனை சொரசொரன்னு இருக்கப் போய்தான் என் காலு நிக்கி. தொங்குற உசுருக்குப் பிடி வேண்டாமா?"

"இழைக்காத பலகையாலே? ஊரு காறித் துப்பும்."

"ஊரா அண்ணாச்சி அதுல தொங்கப் போவுது?"

அமாவாசைக்கு மூன்றே நாள். தச்சன் இழைப்புளியைக் கிணற்றில் போட்டான். விறகுக்குக் கிடந்த மாம்பலகையை எடுத்து, உட்புறம் முழுக்க உளியால் கீறினான். இழைக்கவில்லை. ஆவுடை வந்தாள், ஊன்றினாள், நின்றாள். ஒரு பகல் தூங்கினாள், இரண்டு பகல் தூங்கினாள், மூன்றாம் பகலும் தூங்கினாள்.

அந்தி சாயும்போது கம்பத்தடியில் மனுஷியாக நின்றாள். இடது கை மட்டும் துவண்டு தொங்கியது.

"உள்ள வா, ஆவுடை" என்றான் தச்சன்.

"ரெண்டு தடவை விழுந்தேன். ரெண்டு தடவையும் கத்தினேன்."

"நீ மெச்சுதேன்னு நெனச்சேன்."

"இத்தனை வருசமும் அப்படித்தான நெனச்சிய" என்றாள். வீட்டுக்குள் வராமல், வேலிப் படலைத் திறந்து பிறந்த ஊருக்கு நடந்தாள்.

சாபம் தீர்ந்த கதை இதுதான், மக்களே. நல்ல வார்த்தை சொன்ன புண்ணியம், முத்துமாலையின் பனைகளில் அன்று முதல் பதனீர் வற்றவே இல்லை. தச்சன் கொல்லையில் மாம்பலகைக் கூடு நிறைய வௌவால்கள். அந்திதோறும் அடியில் நின்று ஒவ்வொரு கீச்சுக்கும் காது கொடுக்கிறான். அதில் ஒன்றுகூட ஆவுடையின் குரல் இல்லை.