வெள்ளச்சி தின்ற வைக்கோல்

அந்தக் காலத்தில் ஆட்டின் வாய் மேய்வதற்கு மட்டும் இல்லை, பேசுவதற்கும்தான். மனிதர்களும் நின்று கேட்பார்கள், எதிர்ப்பேச்சும் பேசுவார்கள்.

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் தொம்மை என்று ஒரு பனையேறி இருந்தான். பெண்டாட்டி வியாகுலம், சின்ன மகள் ரெஜினா, வெள்ளச்சி என்று ஒரு வெள்ளாடு. அவ்வளவுதான் குடும்பம். அந்த வருசம் ஐப்பசி மழை ஏமாற்றியது, கார்த்திகையும் காய்ந்தே போனது. செம்மண் தேரியில் தேடினாலும் ஒரு புல் இல்லை. வெள்ளச்சியோ சினையாக இருந்தாள்.

கிறிஸ்மஸ் குடிலுக்காக, தொம்மை ஆற்றங்கரை வயல்வரைக்கும் நடந்துபோய் ஒரு கட்டு வைக்கோல் சுமந்து வந்தான். முன்னறையில் களிமண் பரப்பி, பனையோலை வேய்ந்து, பாலன் ஏசு படுக்க வைக்கோலை மெத்தையாக விரித்தார்கள். விடிந்து பார்த்தால் வைக்கோல் இல்லை. கூரையில் பாதி ஓலையும் இல்லை. பக்கத்திலேயே படுத்து வெள்ளச்சி அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"அடி மூதி! பாலனுக்கு விரிச்சதையா தின்னே?" என்று கத்தினான் தொம்மை.

"பசிச்சுது முதலாளி. ஒண்ணு கேக்கேன், கோவிக்காதீங்க. பாலன் பொறந்த அன்னைக்கு மனுசன் எல்லாம் கதவை அடைச்சான். அவரைப் படுக்க வச்சது எங்க தீவனத்தொட்டி. கீழ விரிச்சது எங்க தீவனம். இன்னைய வரைக்கும் ஒருத்தராவது திருப்பிக் குடுத்தீங்களா?"

வியாகுலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொம்மைக்கு வரவில்லை.

"இந்த வாயாலதான் நீ கெடப்போறே. பெருநாளுக்குக் கறி எடுக்க வேற வழியும் இல்ல. உன்னையே அறுத்துடுதேன்."

"சினையாட்டையா? நல்லாருக்கா ரெஜினாப்பா?" என்றாள் வியாகுலம்.

"தீவனம் இல்லாம எப்படியும் சாகப்போகுது ஏட்டி. குடிலுக்கும் விரிக்க ஒண்ணும் இல்ல."

"குடில்ல பச்சையாவே விரிச்சுக் காட்டுனா, இவளை விட்டுருவீங்களா?"

"இந்தத் தேரியில பச்சையா? விரி, பாப்போம்!"

முற்றத்துப் பனையில் இருந்த காகம், "குடல் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்" என்றது.

வியாகுலம் நேரே போய் விதைக்கம்புப் பானையைத் திறந்தாள். தொம்மை தடுப்பதற்குள் இரண்டு கை அள்ளி, குடிலின் களிமண்ணில் தூவிவிட்டாள். தூவியது சரி, தண்ணீர்? கிணற்றில் ஊறுவது கஞ்சி வைக்கவே காணாது. மிச்சம் அரிசி களைந்த கழனித் தண்ணீர்தான். அது வெள்ளச்சி குடிப்பது.

"பாதிய அங்க ஊத்து பிள்ள," என்றாள் வெள்ளச்சி. "என் உசிருல்ல அங்க கெடக்கு."

ரெஜினா தினமும் சிரட்டையில் மொண்டு தெளித்தாள். மண் வெடித்தது, வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. பெருநாள் நெருங்க நெருங்க, குடில் நிறையக் கம்புப்பயிர் பச்சைப்பசேலென்று நின்றது.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம். தொம்மை பனம்பாளை சீவுகிற அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னான்:

"பச்சை நின்னா போதாது ஏட்டி. இவ வாயில இருந்து அது தப்பணும். அவுத்து விடு."

வியாகுலம் கயிற்றை அவிழ்த்தாள். எலும்பெல்லாம் தெரிய, வெள்ளச்சி நேராகக் குடிலுக்குப் போனாள். பயிர் மூக்கில் உரசியது. காகம் பனையிலிருந்து கீழே இறங்கி உட்கார்ந்தது.

வெள்ளச்சி முன்னங்கால் இரண்டையும் மடக்கி, குடில் முன்னால் மெல்லப் படுத்தாள். பயிரில் வாய் வைக்கவில்லை.

"ஏன் தின்னல?" தொம்மையின் குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு நானா எடுத்தேன், அது களவு. இது பாலன் படுக்கை. அவர் எந்திரிச்ச பெறகு நீங்களா குடுத்தா வாங்கிக்கிடுதேன்."

தொம்மை அரிவாளை வீட்டு ஓலைக்கூரையில் செருகிவிட்டு வந்தான்.

"பெருநாளைக்குப் பனங்கிழங்கு அவிச்சுரு. போதும்," என்றான். காகம் திட்டிக்கொண்டே பறந்தது.

பாலனைப் பார்க்க வந்த மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து, குடிலைப் பிரித்தார்கள். தொம்மையே அந்தப் பச்சையை வேரோடு வாரி எடுத்து வெள்ளச்சியின் வாயருகே நீட்டினான். "இந்தா, வாங்குனதைக் குடுத்தாச்சு," என்றான். தின்ற தெம்பில் அவள் அன்று சாயங்காலமே இரட்டைக்குட்டி ஈன்றாள்.

குடிலில் முளைப்பயிர் எதற்கு என்று கேட்டால், அழகுக்கு என்பார்கள் விவரம் தெரியாதவர்கள். அழகுக்கு இல்லை. அன்று முதல்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மார்கழி பிறக்கும் முன்பே குடிலில் கம்பு தூவித் தண்ணீர் தெளிக்கிறார்கள். குடில் பிரிக்கிற அன்றைக்கு, வேறு யார் கையும் படும் முன்னே, அந்தப் பச்சை ஆட்டின் வாய்க்குப் போகிறது.