சந்தனக் குளியல்

மூங்கில் காட்டுக் குட்டையோரம் ஓர் எருமை இருந்தது. பெயர் கருமாயி. வெயில் உச்சிக்கு ஏறியதும் சேற்றில் தொபுக்கென்று சரிந்து படுத்துக்கொள்ளும். "ஆகா! சந்தனம்!" என்று கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு தவளை அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து பாடும். சுருதி சேராத பாட்டுதான். ஆனாலும் கருமாயி தலையாட்டி ரசிக்கும்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த மயில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

"சந்தனமா! அக்கா, இது சேறு! வெறும் சேறு!"

கருமாயிக்குச் சுருக்கென்றது. சட்டென்று எழுந்தது. முதுகிலிருந்த தவளை தண்ணீரில் விழுந்தது. கருமாயி நேரே ஓடைக்குப் போய் மேலெல்லாம் கழுவிக்கொண்டு வந்து, ஒரு மரத்தடியில் நின்றது. சேறு போன உடம்பில் ஈக்கள் மொய்த்துக் கடித்தன. வாலை ஆட்டி ஆட்டியே பொழுது போயிற்று. மூன்று நாள் புல்கூட இறங்கவில்லை. அவ்வளவு துக்கம்!

"குட்டைக்கு வாங்கக்கா! நீங்க இல்லாம எனக்குப் பாட்டே வரல!" என்று தவளை கெஞ்சியது.

"சேத்துல புரண்டுக்கிட்டா சந்தனம்னு சொன்னேன்! எனக்கு வெக்கமா இருக்கு, போ!"

நான்காம் நாள், மயில் குட்டையோர மாமரத்தில் நின்று தோகையை நீவிக்கொண்டிருந்தது. அழகு பார்க்கிற மும்முரத்தில் முசுறு எறும்புக் கூட்டை மிதித்துவிட்டது. எறும்புகள் சும்மா விடுமா?

"ஐயோ! கால் எரியுதே!" என்று அலறிக்கொண்டு கீழே குதித்தது.

"சேத்துல வைங்க! சீக்கிரம்!" என்று தவளை கத்தியது.

மயில் மானம் பார்க்கவில்லை. இரண்டு கால்களையும் சேற்றில் இறக்கியது. குளுகுளுவென்று இருந்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

"ஆகா! சந்தனம்!"

மரத்தடியில் நின்ற கருமாயி காதை விடைத்தது. "ஏன் தம்பி, அன்னைக்குச் சேறுன்னு சொன்னியே?"

"அன்னைக்கு நான் கரையில நின்னு பார்த்தேன்க்கா!"

கருமாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, சேறு அப்படியேதான் இருக்கு! உன் பேச்சைக் கேட்டு நான்தான் மூணு நாள் ஈக்கடி பட்டேன்!"

ஓடிவந்து குட்டையில் விழுந்தது. தொபுக்! மயிலின் தோகை முழுக்கச் சேறு தெறித்தது. மயில் முகம் சுளிக்கவில்லை. தவளை கருமாயியின் முதுகில் ஏறிப் பாட்டைத் தொடங்கியது. சுருதி இன்னும் சேரவில்லை. மூவருக்கும் அது இனிமையாகவே இருந்தது.

மகிழ்ச்சி நாம் பார்க்கிற விதத்தில் இருக்கிறது. அதை அடுத்தவர் சிரிப்புக்குப் பறிகொடுக்கக் கூடாது.