அருவியிடம் ஆவுடை சொன்ன பொய்

அந்தக் காலத்தில், அருவிக்கும் வாய் இருந்தது. நன்றாகவே பேசும். பாவம், பேச்சுத் துணைக்குத்தான் ஆள் இல்லை. சாரல் விழுந்தால் ஊரே திரண்டு வரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும், கட்டுச்சோற்றைத் தின்னும், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு "போறோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடும். அப்போதெல்லாம் விடைபெறுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மிச்ச மாதங்களில் குரங்குகள்தான். அதுகளுக்குத் தின்பதைத் தவிர வேறு பேச்சு ஏது?

ஒரு வருஷம், உப்பு வண்டி ஓட்டும் சொரிமுத்து தன் பெண்டாட்டி ஆவுடையை மலைக்குக் கூட்டிவந்தான். அவளுக்குத் தீராத தலைவலி. ஒரு மண்டலம் அருவியில் குளித்தால் சரியாகும் என்று அங்கிருந்த குகையில் அவளை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு உப்பு ஏற்றப் போனான்.

முதல் நாள் தண்ணீருக்கடியில் நின்றதும் ஆவுடை கேட்டாள்: "இம்புட்டு உயரத்துல இருந்து விழுதியே, உனக்கு வலிக்கலையா?"

அருவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை காலத்தில் அதை இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"வலிக்கத்தான் செய்யிது" என்றது. "யாருட்ட சொல்ல?"

அப்புறம் என்ன, நாற்பத்தெட்டு நாளும் இருவருக்கும் வாய் ஓயவில்லை. பிள்ளை தங்காத வருத்தத்தையும் மாமியார் குத்திப் பேசியதையும் அவள் சொன்னாள். மேலே தான் புறப்படும் காட்டைப் பற்றி அது சொன்னது. தலைவலி போன இடம் தெரியவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் சொரிமுத்து, கடற்கரைப் பக்கமே குடியிருக்க வீடு பார்த்துவிட்டு வந்து நின்றான். ஆவுடை மூட்டையைக் கட்டிக்கொண்டு அருவியிடம் வந்தாள். ஊர் வழக்கப்படி, "போறேன்" என்றாள்.

அருவிக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் அப்படியே மேலே நின்றுவிட்டது.

மூன்று நாளில் கீழே நாற்றங்கால் வெடித்தது. மாடுகள் காய்ந்த ஓடையை நக்கின. குரங்கு ஒன்று ஓடிப்போய், வழியில் வண்டியை மறித்தது. "ஏ ஆவுடை! நீ பாட்டுக்கு ஒத்தச் சொல்லச் சொல்லிட்டுக் கிளம்பிட்ட. இங்க குஞ்சு குளுவானெல்லாம் நாக்கு வறண்டு கெடக்கு. வந்து என்னன்னு கேளு!"

அவள் திரும்பி வந்தாள். வறண்ட பாறையில் கை வைத்தாள்.

"என்கூட இருந்துருதியா?" என்று கேட்டது அருவி.

ஆவுடை புருஷனைப் பார்த்தாள். அவர்கள் குடிபெயர்ந்து போவது உப்பளத்துப் பக்கம், பதினைந்து நாள் பயணம். இனி இந்த மலையை அவள் பார்க்கப்போவதில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதுவரை ஒருத்தரிடமும் பொய் சொல்லாதவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இப்பம் போயிட்டு வாரேன்."

"வருவியா?"

"அடுத்த சாரலுக்கு வந்துருவேன்."

அருவி நம்பியது. தண்ணீர் இறங்கியது, நாற்று பிழைத்தது. ஆவுடை வண்டியில் முகத்தை மூடிக்கொண்டு வழி நெடுக அழுதாள். "தண்ணிதான் வந்துட்டே, இன்னும் ஏன் அழுத?" என்றான் சொரிமுத்து. அவனுக்கு என்ன தெரியும்!

அடுத்த சாரல் வந்தது, அவள் வரவில்லை. அதற்கடுத்த சாரலுக்கும் இல்லை. வேறு யாரோடும் பேச அருவிக்கு மனமில்லை, வாயை மூடிக்கொண்டது. வருஷம் முழுக்க விழுந்த தண்ணீர், அவள் சொன்ன சாரல் மாதங்களில் மட்டும் நிறைந்து விழுந்தது, மற்ற நாளில் மெலிந்துபோனது.

அன்று முதல்தான், திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தாலும், நாம் "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வாரேன்" என்கிறோம். கேட்பவர்களுக்கும் அது தெரியும், தலையாட்டி அனுப்பிவைப்பார்கள். அருவிக்குத்தான் இன்னும் தெரியவில்லை, ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் அவளைத் தேடி இறங்கிவிடுகிறது.