அடங்காத கோடு

“கணக்குக்குக் காது கேக்காதுங்களா, டீச்சர்?” என்று கேட்டார் சென்னியப்பன்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. கோயம்புத்தூரில் இருபத்தெட்டு வருஷமாகத் தண்ணீர்ப் பம்பு வடிவமைக்கிறவர். டீச்சர் மெஹ்ருன்னிஸாவுக்கு முப்பத்திரண்டு. பம்புக்குள் தண்ணீர் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்க்கும் வித்தையை ஒரு கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார். மகள் வயதுப் பெண்ணிடம் நோட்டும் கையுமாக வந்து உட்கார சென்னியப்பன் கூச்சப்படவில்லை. கூச்சப்பட நேரமும் இல்லை.

அவர் வடிவமைத்த பம்பு ஒன்று ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஓடியது. நேர் மேலே குறைமாதக் குழந்தைகள் வார்டு. பம்பு ஓடும்போதெல்லாம் சுவர் வழியாக ஒரு ரீங்காரம் ஏறும். தூங்குகிற குழந்தைகள் திடுக்கிட்டு விழிக்கும்.

பத்து நாளாக அந்த வார்டின் கண்ணாடிப் பெட்டிகளில் ஒன்றில் அவருடைய பேத்தி கிடந்தாள். ஏழு மாதத்தில் பிறந்தவள்.

வேறு யார் பம்பாவது என்றால் சண்டைக்காவது போயிருப்பார்.

செல்போனை வார்டுச் சுவரில் வைத்து ரீங்காரத்தை அளந்தார். விநாடிக்கு இருநூற்றுத் தொண்ணூறு அதிர்வு. பம்பின் சுழல்சக்கரத்தில் ஆறு இதழ்கள். ஒவ்வொன்றும் வெளிவாயின் விளிம்பைக் கடக்கும்போது தண்ணீரை ஓர் இடி இடிக்கிறது என்று ஊகித்தார்.

ஊகத்தை நம்பிச் சக்கரம் வார்க்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் புதுச் சக்கரத்தின் அளவைச் சொல்லியாக வேண்டும். கணக்கு முதலில் அந்தச் சத்தத்தைக் காட்டினால்தான், எந்த அளவில் அது குறைகிறது என்று பார்க்கலாம்.

கணக்கோ, பம்பில் சத்தமே இல்லை என்று சாதித்தது.

மெஹ்ருன்னிஸா கணக்கு வரைந்ததாக அவர் கொண்டுவந்த வண்ணப் படங்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கணக்கு ஓடியபோது ஏதாவது தொந்தரவு கொடுத்ததா என்று மட்டும் கேட்டார்.

சென்னியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. படாதபாடு படுத்திவிட்டது என்றார். வெளிவாய் விளிம்பருகே தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டுகிற கோடு மூன்று நாள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியதாம். கணக்கு இன்னும் தேறவில்லை போலும் என்று நினைத்தாராம்.

“விடுவனுங்களா? கணக்கு நேரத்தைத் துண்டு துண்டாத்தானே பாக்குது? அந்தத் துண்டைப் பெரிசு பெரிசா நறுக்கிக் குடுத்தேன். கோடு கம்முனு அடங்கிருச்சுங்க.”

டீச்சர் தலையாட்டினார். பாராட்டு வரும் என்று இவர் காத்திருந்தார்.

“பேத்தி எப்படி இருக்கா?”

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. பம்பைக் கேட்டால் பிள்ளையை விசாரிக்கிறாரே. இருந்தாலும், தேவலை என்று சொன்னார்.

“தலைமாட்டுல சின்ன டிவி மாதிரி ஒண்ணு இருக்குமே. அதுல ஒரு கோடு ஓடும்.”

“ஓடுமுங்க. அதைப் பாத்துட்டேதான் உக்காந்திருப்பேன்.”

“அது அடங்கணும்னா வேண்டிக்கிறீங்க, அண்ணா?”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். அது ஆடிட்டு இருந்தாத்தானே...”

நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, கணக்கை முதலிலிருந்து ஓட விட்டார். இரண்டு நாள் ஓடியது.

வியாழக்கிழமை காலையில் கோடு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஆறு முறை. சக்கரத்தின் வேகத்தோடு பேனாவால் பெருக்கிப் பார்த்தார். விநாடிக்கு அதே இருநூற்றுத் தொண்ணூறு.

மெஹ்ருன்னிஸா பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“ஆடுதே, அண்ணா. அடக்கலையா?”

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆடட்டுமுங்க.”