குளம் இறைத்த நாள்

கோல்ஃப் பந்து மைதானத்துக் குளத்தைத் தாண்டாமல் தண்ணீரில் விழும் ‘பொளக்’ என்ற சத்தத்தை, மலைக்கிளப்பில் புல் வெட்டிய காலத்தில் சூசை தினமும் கேட்டிருக்கிறார். முப்பத்தாறு வயதில்தான் அவர் கோல்ஃப் மட்டையையே பிடித்தார். பிறகு பந்தயங்களில் ஜெயித்தார், மைதானங்கள் வடிவமைக்கும் தொழிலுக்கும் வந்தார். இப்போது அதே கிளப் தன் மைதானத்தைத் திருத்தி அமைக்க அவரைக் கூப்பிட்டிருந்தது.

கிளப் தலைவர் பூபதி, எஸ்டேட் முதலாளி. வந்தவரை உட்காரச் சொல்லவில்லை.

“ஏம்ப்பா புல்லுவெட்டி, இருபது வருஷத்துல என் பந்து ஒண்ணுகூட குளத்துல விழுந்ததில்ல. குளத்தைப் பெரிசாக்கு. என் பந்து மட்டும் தாண்டணும், வேற எவன் பந்தும் தாண்டக்கூடாது. முடியாதுன்னா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

“முடியுங்கய்யா. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி தண்ணிய இறைக்கணும். மெம்பருங்க எல்லாரும் வந்து பாக்கட்டும்.”

மோட்டார் ஓடியது. மதியத்துக்குள் சேறு தெரிந்தது. சேறு முழுக்கப் பந்துகள். முக்கால்வாசியில், பூபதி தன் பந்துக்கு மட்டும் இடும் சிவப்பு நட்சத்திரம்.

ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கும் ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள். தூரப்பார்வை மங்கியும் கண்ணாடி போடாத முதலாளியின் பந்து முங்கினால், அதே குறியிட்ட இன்னொன்றை அக்கரையில் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம்.

“எவ்வளவு பெரிசா வெட்டட்டுங்கய்யா?” என்று பணிவாகக் கேட்டார் சூசை.

“இருக்கிறபடியே இருக்கட்டும்” என்றார் பூபதி.

வேலை சூசைக்கே கிடைத்தது. பூபதி அதன்பின் மட்டையைத் தொடவில்லை. எட்டு வருடம் கழித்து இறக்கும்வரை, கிளப்புக்கு வந்து சீட்டு மட்டும் ஆடினார்.